குடலும் இறகும் ஏற்றிய வருடம்

கோழிக்கடைக் கழிவு ஏற்றுகிற வண்டி ஓட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. யாரும் கை காட்டி லிப்ட் கேட்க மாட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு நீங்களும் பஸ்ஸில் போயிருப்பீர்கள். ஜன்னல் ஓரம் கிடைத்திருக்கும். நல்ல காற்று. திடீரென்று ஒரு பாலம் வந்ததும் பஸ் மொத்தமும் மூக்கைப் பொத்தும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரைச் சந்தேகமாகப் பார்ப்பீர்கள். அவரும் உங்களைப் பார்ப்பார். அவர்மேல் தப்பில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தின்ற கோழியின் மிச்சம் பாலத்துக்கு அடியில் கிடக்கிறது.

அந்த மிச்சத்தை அள்ளுவதுதான் என் வேலை. குட்டியானை வண்டி, அதன் முதுகில் நீல டிரம்கள். விழுப்புரம் மார்க்கெட்டில் ஆரம்பித்து, கோலியனூர் கூட்ரோடு போய்த் திரும்பி, நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் பொறுக்கிக்கொண்டு, திண்டிவனத்தைத் தாண்டி ஒரு ஆலையில் இறக்குவேன். அங்கே வேகவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்து, நாய்த் தீனிக்கும் மீன் தீனிக்கும் அனுப்புகிறார்கள்.

லாரி ஓட்டி ஓய்ந்தவன் நான். வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம். கிடக்க விடாதது எங்கள் ஊர்க் கிணறு. ஏரிக்குள்ளே, கரையை ஒட்டி இருக்கிறது. ஊர் மொத்தத்துக்கும் குடிதண்ணீர் அதுதான். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற வாய்க்கால் நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நுழைந்து வருகிறது. சுற்றுவட்டாரக் கோழிக்கடைக்காரர்கள் மூட்டை வீசுவது அந்தப் பாலத்தில்தான். போன மழைக்கு மூட்டையெல்லாம் மிதந்து ஏரிக்கு வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீரோடு இறகு. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்தவர்கள் வந்து சொல்லிவிட்டார்கள்: அடுத்த மழைக்கும் இப்படியே இருந்தால் கிணற்றை மூடிப் பூட்டுவோம், லாரித் தண்ணீர் பிடித்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று நான் எழுத வேண்டியதில்லை. நீங்களும் குடத்தோடு நின்றவர்கள்தானே.

ஆக, அடுத்த மழைக்குள் அந்தப் பாலத்தில் மூட்டை விழுவது நிற்க வேண்டும். ஆலைக்காரரிடம் போய் வண்டியையும் டிரம்களையும் கேட்டு வாங்கினேன். வண்டியில் என்னோடு வருபவள் செல்வி. எங்கள் ஊர்தான். கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். வயிற்றோட்டத்தில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது அவள் பெண்தான். என்னை மாமா என்பாள். உறவு ஒன்றும் கிடையாது. நான் கத்தினால் திருப்பிக் கத்துகிற உரிமைக்காக அப்படிக் கூப்பிடுகிறாள்.

எங்க ஊரு, உங்க ஊரு

கூட்ரோட்டுப் பக்கம் பெரிய பிராய்லர் கடை. முதலாளி பெயர் தனபால். மரியாதையான ஆள். போனவுடன் ஸ்டூல் போட்டார், டீ சொன்னார். கடை பளபளவென்று இருந்தது. டைல்ஸ் ஒட்டிய சுவர், ஊதுபத்தி, சாமி படத்துக்கு மாலை. குடலும் இறகும் பின்பக்கம் சிமெண்ட் சாக்கில் கட்டி வைத்திருந்தது. கடை மூடியதும் பைக்கில் வைத்துப் பாலத்துக்குப் போகும்.

டிரம் இலவசமாகத் தருகிறேன், அதில் போடுங்கள், தினம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசித்தார். டிரம் இருந்தால் ஈ வரும், கடைக்குக் கெட்ட பெயர் என்றார். செல்விக்குப் பொறுக்கவில்லை. "உங்க கடைக்கு ஈ வரக் கூடாது, எங்க கொடத்துல மட்டும் கோழிக் குடலு வர்லாமா?" என்று கேட்டுவிட்டாள்.

தனபாலுக்கு முகம் சுருங்கிவிட்டது. மனம் நொந்து சொன்னார்: "அப்பிடிச் சொல்லாதம்மா. எங்க ஊரு ஏரில நான் ஒரு நாளாவது கொட்டியிருக்கேனா, கேட்டுப் பாரு."

சுத்தமான கட்டடம்

ஆட்டில் வீணாவது குறைவு. தலை, கால், குடல், ரத்தம்வரை தின்றுவிடுகிறோம். மிஞ்சுவது இரைப்பைக்குள் இருக்கிற சாணமும் கழுவிய தண்ணீரும். ஆனால் அதுவும் சாக்கடையில் இறங்கினால் வாய்க்காலுக்குத்தான் வரும். பக்கத்து ஊரில் இதற்கென்றே புதிதாக ஆட்டுத்தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஆடு அறுக்கத் தனி மேடை, கழுவிய தண்ணீரைச் சுத்தம் பண்ண மெஷின், எல்லாம் உண்டு. ஆட்டைத் தவிர.

கறிக்கடைக்காரரைக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் காலை, கடை வாசலில் தொங்கவிட்டு உரித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பையோடு ஜனம். "அங்க போயி அறுத்துக்கினு வந்தா ஒருத்தன் வாங்க மாட்டான் பெரியவரே. கண்ணால பாத்தாத்தான் ஆடுன்றான்," என்றார். பை வைத்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். ரத்தமும் தண்ணீரும் அவர்கள் செருப்பை ஒட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை.

ஆட்டுத்தொட்டியையும் போய்ப் பார்த்தேன். கேட்டுக் கம்பி வழியே பார்த்தால், ஆடு அறுக்கிற மேடையில் மல்லாட்டைக் கடலை காய்ந்துகொண்டிருந்தது. வாட்ச்மேன் என்னைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினார். சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "தினம் பெருக்கி, கழுவி, தொடச்சி வெச்சிருக்கேன். ஆடு வந்துச்சின்னா எல்லாம் அசிங்கமாப் பூடும்."

கடல் மீனு

இரண்டு மாதம் சுமாராகப் போனது. தனபால்கூட டிரம் வாங்கிக்கொண்டார். அப்புறம் பார்த்தால், எல்லாக் கடையிலும் டிரம்மில் இறகு மட்டும் இருக்கிறது, குடலைக் காணோம். வெறும் இறகு வெயிட்டே இருக்காது. ஆலையில் முகம் சுளித்தார்கள், இப்படியே போனால் வண்டி கிடையாது என்றார்கள். விசாரித்தேன். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் ஒருவர் குட்டை வெட்டிக் கெளுத்தி மீன் வளர்க்கிறார். ஆப்பிரிக்கக் கெளுத்தி. வளர்க்கக் கூடாது என்று தடை இருக்கிற மீன். ஆற்றில் தப்பிப் போனால் மற்ற மீனையெல்லாம் தின்று தீர்த்துவிடும். அதற்குக் குடலைப் போல் தீனி கிடையாது. கடைக்காரர்களிடம் கடை தேடி வந்து வாங்கிக்கொண்டு போகிறார்.

நேரில் போனேன். தண்ணீர் கறுப்பாகக் கொழகொழவென்று இருந்தது. குடலை வீசியதும் குட்டை மொத்தமும் கொதிக்கிற மாதிரி துள்ளியது. மேலே பருந்து வட்டம் போட்டது. மழை பெய்து குட்டை நிரம்பினால் இந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். அதற்கென்ன, பக்கத்தில் ஆறு இருக்கிறது என்றார். வியாபாரம் நல்லபடி போகிறதாம். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு பக்கமும் ஓட்டல்களுக்குப் போகிறதாம். போகும்போது எனக்கும் இரண்டு மீன் தருவதாகச் சொன்னார். நீங்கள் சாப்பிடுவீர்களா என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க வூட்ல பாண்டிலேர்ந்து வர்ற கடல் மீனு மட்டும்தாங்க."

லோடு

அந்தக் குட்டையை அதிகாரிகள் வந்து மண்ணைக் கொட்டி மூடினார்கள். புகார் எழுதிப் போட்டது யார் என்று குட்டைக்காரர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும். குடல் மறுபடி டிரம்முக்கு வந்தது.

முழு லோடோடு போன முதல் நாள் நெடுஞ்சாலையில் வண்டிச் சோதனை. வெயிலில் நீளமாக வரிசை. கார்க்காரர்களெல்லாம் டிக்கியைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தது. இளவயசுப் போலீஸ்காரர், லத்தியால் டிரம்மைத் தட்டி, திற என்றார். செல்வி இறங்கி மூடியைத் திறந்தாள். இதுவரை அப்படி ஒரு மரியாதை எனக்கு எந்தச் சாலையிலும் கிடைத்ததில்லை. வழியை அடைத்து நின்ற கார்களையெல்லாம் ஓரம் கட்டினார். முகத்தில் கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு அவர் சொன்னது: "ஜல்தி கெளம்பு பெருசு, மூடிய மூடிக்கினு போ, இன்னிக்கி நான் சாப்பிடறதா வேணாவா?"

நாய்களின் நண்பன்

பாலத்தில் மூட்டை விழுவது பாதிக்குமேல் குறைந்தது. இதில் நஷ்டப்பட்டது நாய்கள். பாலத்தடியில் குடல் தின்றே வளர்ந்த கூட்டம் அது. கன்றுக்குட்டி உயரம். தீனி நின்றதும் முதலில் என் வண்டியைத் துரத்தின. பிறகு பைக்கில் போகிறவர்களைத் துரத்தின. பிறகு ஏரிக்குள் மேய்கிற ஆட்டுக்குப் போயின.

எங்கள் ஊரில் ஆடு வைத்திருக்கிற கோவிந்தனுக்கு இரண்டு குட்டி போய்விட்டது. கடித்துக் குதறியதைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தான். நாய் கடித்ததற்கு நான் என்ன பண்ணுவேன் என்றேன். தீனியை நிறுத்தியது நீதானே என்றான். கிணறு கெட்டுப்போனால் உனக்கும்தானே தண்ணீர் கிடையாது என்று செல்வி எடுத்துச் சொன்னாள். ஆட்டுக்குக் காது கொடுக்கிறவன், ஆளுக்குக் கொடுக்கவில்லை. நாய்க்கு ஊசி போட்டுப் பிடித்துப்போக ஆள் வரவழைக்க நான் அலைந்தேன். வந்தார்கள். கோவிந்தன் கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு வாசலில் நின்று தெருவே கேட்கிற மாதிரி அவன் சொன்னான்: "கொட்டிக்கினு இருந்தானே, அவன் மனுசன். வாயில்லா ஜீவனுக்கு வவுறு ரொம்புச்சு. நீ அள்ளிக்கினு போயி எந்த ஜீவனுக்கு இன்னா பண்ணிட்ட?"

புரட்டாசி

புரட்டாசி மாதம் பாதி ஊர் கறி தின்னாது. கோழிக்கடைகளில் கூண்டு நிறைய கோழி, வாசலில் ஆள் இல்லை. டிரம் காலி. வாய்க்கால் காலி. பாலத்தடியில் கொக்கு வந்து நின்றது. செல்வி அதை எனக்குக் காட்டினாள். பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தினேன்.

எந்த மாதமும் எட்டிப் பார்க்காத அதிகாரி ஒருவர் அந்த மாதம் பார்த்து ஜீப்பில் வந்தார். பாலத்தைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், கொக்கைப் போட்டோ எடுத்தார். என்னைத் தட்டிக்கொடுத்தார். சார், இது என்னால் இல்லை, புரட்டாசியால் என்றேன். கேட்டுக்கொண்டார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கிச் சொன்னார்: "வருஷம் பூரா இதே மாதிரி மெயின்டெயின் பண்ணுங்க."

மூட்டை

ஐப்பசி பிறந்தால் மழை. புது மூட்டை குறைந்ததே தவிர, வருஷக்கணக்காக விழுந்த பழைய மூட்டை பாலத்தடியில் சேற்றோடு சேறாக அடைந்து கிடந்தது. முதல் தண்ணீர் வந்தால் அத்தனையும் கிளம்பும். கிணற்றுக்குப் பூட்டுத்தான். ஊரில் ஆள் கேட்டேன். ஆம்பளைகள் நிறைய பேர் வந்தார்கள். பாலத்துக்கு மேலே நின்றுகொண்டு, எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். கீழே இறங்கியது செல்வியும் அவள் தெருப் பெண்களும். மண்வெட்டி, கொக்கி, வாயில் கட்டிய துணி. நான் மேலே இழுத்து டிரம்மில் போட்டேன். ஒவ்வொரு சாக்கும் பிய்ந்துகொண்டே வந்தது. நாற்றத்தை எழுதமாட்டேன். நீங்கள் சாப்பிட்டுக்கொண்டே படிக்கிறவர்களாக இருப்பீர்கள்.

வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பாலத்தடி பாதிகூடத் தீரவில்லை. அவரவர் பேச்சை விட்டு வேகமாக வாரிக்கொண்டிருந்தார்கள். அப்போது பைக் ஒன்று வந்து பாலத்தில் நின்றது. வாலிபன், புதுசாகக் கடை போட்டவனாம். பின்சீட்டில் சிமெண்ட் சாக்கு. இறக்கித் தடுப்புச் சுவர்மேல் வைத்தான். கீழே எட்டிப் பார்த்தான். இடுப்பளவு சேற்றில் பெண்கள் நிற்பதைப் பார்த்ததும் தயங்கினான்.

நல்ல குடும்பத்துப் பிள்ளை. பக்குவமாகக் கூப்பிட்டான்: "யக்கா, கொஞ்சம் அப்பால ஒத்திக்குங்க, மேல பட்டுடப் போவுது."

மோந்து பாரு

அந்த மூட்டை கீழே விழவில்லை. கரையேறிப் போய் செல்வி அதைப் பிடுங்கி டிரம்மில் போட்டாள். அப்புறம் அவனைப் பார்த்துப் பேசியதை எழுதினால் இதை யாரும் அச்சடிக்க மாட்டார்கள். பையன் மறுநாளிலிருந்து நான் போவதற்கு முன்பே டிரம்மை ரோட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிடுகிறான்.

இருட்டுவதற்குள் பாலத்தடியில் தரை தெரிந்தது. மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. நான்கைந்து நாள் விடவில்லை. வாய்க்காலில் செம்மண் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. நானும் செல்வியும் குடையோடு பாலத்தில் நின்று பார்த்தோம். சருகு போனது, தேங்காய் மட்டை போனது, ஒற்றைச் செருப்பு போனது. சாக்கு போகவில்லை. ஏரி ஏறியது. சோதிக்கிறவர்கள் பாட்டிலோடு வந்தார்கள், தண்ணீர் பிடித்துப் போனார்கள். பதில் வருகிறவரை செல்வி தினமும் கிணற்றடிக்கும் ரோட்டுக்கும் நடந்தாள். தண்ணீர் நன்றாக இருக்கிறது, காய்ச்சிக் குடியுங்கள் என்று ஒரு காலையில் சொல்லி அனுப்பினார்கள். பூட்டு வரவில்லை.

செல்வி குடத்தில் முதல் தண்ணீர் பிடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். குடத்தை என் மூக்குக்குக் கீழே நீட்டினாள். "மோந்து பாரு மாமா. ஒண்ணியும் அடிக்கல."

பொட்டு

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஊர் விடவில்லை.

கிணறு பிழைத்தது ஏரிக்கரை அம்மனால் என்று முடிவானது. தை பிறந்ததும் நேர்த்திக்கடன். வீட்டுக்கு ஒரு சேவல், ஊர்ப் பொதுவில் கிடா. கரைமேல் பந்தல், மைக் செட், மேளம். கோயிலுக்கு நேர் கீழே கிணறு. நான் டிரம்களோடு வண்டியைக் கரையில் ஏற்றினேன். போனபோது முதல் வரிசைச் சேவல்களை ஏரித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தார்கள். இறகு மிதந்து கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. டிரம்மில் போடுங்கடா என்று கத்தினேன். மேளத்தை நிறுத்திவிட்டார்கள். நாட்டாமைக்குக் கண் சிவந்துவிட்டது. "சாமிக்கு அறுத்தது கழிவாயிடுமா? கோழிக்கட டிரம்ம கோயிலாண்ட எவன் கொண்டாரச் சொன்னது?"

ஒரு வருஷம் அள்ளியது ஒரு மத்தியானத்தில் போகிறது. செல்வி முன்னால் வந்தாள். அவள் கையிலும் சேவல், கால் கட்டியிருந்தது. அவளும் வேண்டிக்கொண்டவள்தான். பூசாரியைப் பார்த்துக் கேட்டாள்: "நாளைக்கு ஆத்தாவுக்கு அபிஷேகம் பண்ணத் தண்ணி எங்கேர்ந்து மொள்ளுவ?" பூசாரி கிணற்றைப் பார்த்தார். மிதக்கிற இறகைப் பார்த்தார். நாட்டாமையைக் காதோடு கூப்பிட்டுப் பேசினார். சாமிக்கு அறுத்தது சாமிப் பாத்திரத்தில் போகலாம், ஏரியில் போகக் கூடாது என்று தீர்ப்பானது. ஒரு டிரம்மை இறக்கித் தேய்த்துக் கழுவினார்கள். மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். பொட்டு வைத்து, வேப்பிலை கட்டி, சூடம் காட்டினார்கள். மேளம் மறுபடி எழுந்தது. மிதந்த இறகையெல்லாம் பையன்கள் கூடையால் வாரினார்கள். ஊரே வரிசையில் வந்து இறகையும் குடலையும் அதில் போட்டது. சில பேர் போட்டுவிட்டு டிரம்மைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கிணற்றுக்கு ஒரு இறகு போகவில்லை.

சாயங்காலம் டிரம்மை வண்டியில் ஏற்றப் போனேன். நாட்டாமை கையை நீட்டித் தடுத்தார். பொட்டு வைத்த டிரம்மில் இனி கடைக் குடல் ஏற்றக் கூடாதாம். உள்ளே இருந்ததை மட்டும் வேறு டிரம்முக்கு மாற்றி எடுத்துக்கொண்டு வந்தேன். இன்றைக்கும் அது கோயில் மூலையில் வேப்பிலையோடு நிற்கிறது. போன வாரம் அதைத் திருப்பிக் கேட்டதற்கு நாட்டாமை, ஒரு டிரம்முக்கு இத்தனை பிடிவாதமா என்பது போல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அத்த உடு. ஆடிக்குக் கூழு கரைக்க அவ்ளோ பெரிய பாத்திரம் நம்ம ஊர்ல வேற ஏது?"

கிணற்றைக் காப்பாற்றியாயிற்று, இனி ஆடிக்குள் ஒரு டிரம்மைத் திருட வேண்டும்.